கணினியைச் சொல்லால் ஏவுதல்

தமிழ் பயில்வார்க்குக் கட்டளைச் சாளரத்தோடு என்ன தொடர்பு என்று எம் தோழர் சிலர் வினவியதுண்டு. வினா தக்கதே. சென்ற கோடை விடுமுறை வரை யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். கணினி என்பது சுட்டியால் தொட்டு ஏவப்படுவது என்றும், கருநிறச் சாளரத்தில் எழுத்தடித்து ஏவுதல் பொறியியலார்க்கே உரியது என்றும் கருதியிருந்தோம். அக்கருத்தை மாற்றியது ஒரு பழைய நூல்.

தூத்துக்குடியில் எம் தோழர் ஒருவரது இல்லத்துப் பரணிலே அந்நூல் கிடைத்தது. முகப்பேடு இன்மையின் நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் அறியக்கூடவில்லை. எஞ்சிய 184 பக்கங்களையும் உப்புக்காற்றும் இராமபாணப் பூச்சியும் பகிர்ந்து உண்டுகொண்டிருந்தன. முத்துச் சலாபத்தைப் பற்றிய செய்திகள் அதன்கண் மிகுதி. பார்களின் பெயர்கள், தோணியின் உறுப்புக்கள், குளிப்பாளர் தமக்குள் வழங்கிய சொற்கள் ஆகியன பக்கந்தோறும் விரவிக் கிடந்தன. நம் கரையில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. தொழில் நின்றபின் அதன் சொற்கள் முதியோர் நாவில் சிறிது காலம் தங்கும். பின்னர் ஏட்டில் இருந்தால் உண்டு, இன்றேல் இல்லை. ஆகவே ஏடுகள் உதிருமுன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியாற் படம் பிடித்தோம். படத்தைப் படிக்கலாம், ஆனால் அதனுள் ஒரு சொல்லைத் தேட இயலாது. அதற்குப் படத்தை எழுத்தாக்குதல் வேண்டும்.

அவ்வாறு எழுத்தாக்கும் செயலிகளுள் டெசராக்ட் என்பது விலையின்றிக் கிடைப்பது. 1985 முதல் 1994 வரை ஹியூலெட் பக்கார்டு நிறுவனத்தில் உருவாகி, 2005இல் மூலநிரலோடு யாவர்க்கும் திறந்துவிடப்பட்டது. தமிழையும் அது படிக்கும். ஒருமுறை இறக்கிக்கொண்டால் பின்னர் இணையம் வேண்டுவதில்லை. தமிழில் அச்சு நூல்கள் தோன்றிய வரலாற்றில் நம் முத்துக்குளித்துறைக்கும் பங்குண்டு. 1578இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்க நூலைத் தந்த அண்டிரிக் அடிகளார் உழைத்தது இக்கரையிலேயாம். அச்செழுத்தைப் பொறியே திரும்பப் படிக்கும் காலத்தில் யாம் பயில்கின்றோம் என்ற எண்ணம் எமக்கு உவகை தந்தது. உவகை நெடுநேரம் நிலைக்கவில்லை. என்னை? அச்செயலியை இறக்கி நிறுவிய பின்னர், தொடுதற்கு ஒரு படவுருவும் காணோம். தனக்கெனப் பொத்தானோ பட்டியலோ இல்லாத செயலி அது. சொல்லால் ஏவினாலன்றி இயங்காது.

நிறுவுதற்கு முன் செய்யற்பாலது ஒன்றுண்டு. முற்காலத்தில் சலாபம் அறிவிக்குமுன் பாரிலிருந்து சிறிது சிப்பி எடுத்துச் சோதித்துப் பார்த்த பின்னரே நாள் குறிப்பார்கள். இறக்கிய கோப்பையும் அவ்வாறே சோதித்தல் நன்று. செயலியை வெளியிட்டோர் அதன் ‘ஷா 256’ எண்ணைத் தம் பக்கத்தில் தந்திருப்பின், விண்டோஸ் கணினியில் ‘செர்ட்யூட்டில்’ என்னும் கட்டளையால் நம் கோப்பிற்கும் அவ்வெண்ணைக் கணித்துக்கொள்ளலாம். அறுபத்துநான்கு குறிகளும் ஒத்திருப்பின் கோப்பு வழியிற் சிதையவுமில்லை, மாற்றப்படவுமில்லை என்று கொள்ளலாம். முகமறியாதார் தந்த இணைப்பிலிருந்து இறக்காமை அதனினும் முதன்மையானது.

இனிச் சாளரத்தைத் திறப்போம். விண்டோஸின் தேடுமிடத்தில் சி, எம், டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களை இட்டால் கருநிறச் சாளரம் தோன்றும். அதன் இடப்புறத்தில் ஒரு கோப்புறையின் முகவரியும், அதையடுத்து ஓர் அம்புக்குறியும் காணப்படும். நாம் இப்பொழுது எக்கோப்புறையில் நிற்கின்றோம் என்பதை அம்முகவரி உணர்த்துகின்றது. ‘டிர்’ என்று இட்டால் அங்குள்ள கோப்புக்களின் பட்டியல் வரும். ‘சிடி’ என்று இட்டு, ஓர் இடம் விட்டு, கோப்புறையின் பெயரை எழுதினால் அதனுட் புகலாம். ‘சிடி’யின்பின் இரண்டு புள்ளிகள் இட்டால் ஒரு படி வெளியே வரலாம். பெயரின் முதல் எழுத்துக்களை அடித்து ‘டேப்’ விசையை அழுத்தினால் எஞ்சியதைக் கணினியே நிரப்பும். இது சோம்பலுக்கு மட்டுமன்றிப் பிழை தவிர்த்தற்கும் உதவும்.

அடுத்து யாம் டெசராக்ட் என்று எழுதி ஏவினோம். அப்படியொரு கட்டளை இல்லை என்று கணினி மறுத்தது. நிறுவிய செயலியை இல்லை என்கின்றதே என்று வியந்தோம். காரணம் பின்னர்த் தெளிந்தது. நாம் ஒரு பெயரைச் சொன்னால், கணினி தன் வட்டு முழுவதையும் துழாவுவதில்லை. நாம் நிற்கும் கோப்புறையிலும், ‘பாத்’ என்னும் பட்டியலிற் குறித்த கோப்புறைகளிலும் மட்டுமே தேடும். பட்டியலில் இல்லாத இடத்துச் செயலியை அதன் முழு முகவரியோடு அழைத்தல் வேண்டும். அல்லது அவ்விடத்தைப் பட்டியலிற் சேர்த்தல் வேண்டும். முழு முகவரியை எழுதியும் கணினி மறுத்ததற்குக் காரணம் வேறு. ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்னும் கோப்புறைப் பெயரின் நடுவே இடைவெளி உளது. கணினிக்கு இடைவெளியே சொல்லின் எல்லை. ஆதலால் ஒரு பெயரை இரண்டாக அது பிரித்துக்கொண்டது. முகவரியின் இருபுறமும் இரட்டை மேற்கோட்குறி இட்டதும் செயலி விழித்தெழுந்தது. லினக்ஸ் பயன்படுத்துவோர் ஒன்று அறிக: அங்கே நிற்கும் கோப்புறையிலும் கணினி தானாகத் தேடாது, பெயருக்கு முன் ஒரு புள்ளியும் சாய்கோடும் இட்டு, ‘இங்குள்ளதையே அழைக்கின்றேன்’ என்று தெரிவித்தல் வேண்டும்.

கட்டளையின் இலக்கணம் தமிழ் மாணவர்க்கு இன்பம் பயப்பது. நம் மொழியில் வினைப்பகுதியே ஏவலாய் நிற்கும். நட, வா, படி என்பன போல. நன்னூலாரும் வினைப்பகுதிகளை ஏவல் வடிவிலேயே தொகுத்துள்ளார். கணினிக் கட்டளையிலும் அவ்வாறே வினை விகுதியின்றி நிற்கின்றது. வரிசைதான் வேறு. ‘பக்கத்தைத் தமிழிற் படி’ என்போம் நாம். ‘படி பக்கத்தைத் தமிழில்’ என்பது அதன் முறை. முதலில் செயலியின் பெயர்; அடுத்துப் படக்கோப்பின் பெயர்; அதன்பின் விளைவை எழுதவேண்டிய கோப்பின் பெயர்; இறுதியில் சிறுகோடும் ‘எல்’ என்னும் எழுத்தும், அவற்றை அடுத்து மொழிக்குறியாக டி, ஏ, எம் என்னும் மூன்றெழுத்தும். மொழிக்குறியை விட்டுவிட்டால் செயலி ஆங்கிலம் எனக் கொண்டு, தமிழ்ப் பக்கத்தைப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக்கும். தமிழுக்குரிய பயிற்சிக் கோப்பையும் தனியே இறக்கி உரிய கோப்புறையில் வைத்தல் வேண்டும்; நிறுவும்பொழுது அதனைத் தெரிவு செய்யாமையால் யாம் ஒரு மாலைப்பொழுதை இழந்தோம்.

முதற்பக்கம் எழுத்தாகி வந்தபொழுது ஒரு வேடிக்கை கண்டோம். ‘முத்து’ என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? மூன்று என்பர் தமிழ் கற்றோர். கணினி ஆறு என்கின்றது. மகரத்தையும் உகரக்குறியையும் தனித்தனியே எண்ணுதலின், புள்ளியும் அதற்கு ஓர் எண்ணாகின்றது. யூ.டி.எஃப் 8 முறையிற் சேமிக்குங்கால் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளுதலின், வட்டில் அச்சொல் பதினெட்டு பைட்டுக்களாய்க் கிடக்கின்றது. கருநிறச் சாளரத்தில் நம் எழுத்துக்கள் குறிகள் பிரிந்து அலங்கோலமாய்த் தோன்றினும் அஞ்சற்க. கோப்பை நோட்பேடிலே திறந்தால் செம்மையாகவே இருக்கும்.

இனிச் சொல்லவேண்டியது எமக்கு நாணம் தருவது. சோதனைக்கென்று சிறிதாக்கிய படங்கள் சிலவற்றைப் பென் டிரைவில் வைத்திருந்தோம். அவற்றை அழிக்கக் கருதி, ‘சிடி’யோடு அக்கோப்புறையின் முகவரியை இட்டோம். கணினி மறுப்பொன்றும் கூறவில்லை. உடனே ‘டெல்’ என்னும் கட்டளையோடு, ‘ஜேபிஜி என முடிவன யாவும்’ என்று பொருள்படும் உடுக்குறியை இட்டு ஏவினோம். அழிந்தவை சோதனைப் படங்கள் அல்ல. 184 பக்கங்களின் மூலப்படங்களே. விண்டோஸில் ஒரு வட்டிலிருந்து வேறு வட்டிற்குச் செல்ல ‘சிடி’ மட்டும் போதாது. வட்டின் எழுத்தையும் முக்காற்புள்ளியையும் முதலில் இடல் வேண்டும், அல்லது ‘சிடி’க்குப்பின் சாய்கோடும் ‘டி’யும் சேர்த்தல் வேண்டும். யாம் பழைய வட்டிலேயே நின்றிருந்தோம். அம்புக்குறியின் முன்னிருந்த முகவரி அதனைத் தெளிவாகவே காட்டிக்கொண்டிருந்தது. யாம் அதனைப் படிக்கவில்லை. சுட்டியால் அழித்தவை குப்பைத்தொட்டியிற் கிடக்கும். ‘டெல்’ என்பதற்குக் குப்பைத்தொட்டியும் இல்லை. ‘டெல்’ இடுமுன் அதே குறியோடு ‘டிர்’ இட்டிருப்பின், எவை அழியும் என்பது பட்டியலாக முன்னே வந்திருக்கும்.

மீண்டும் படம் பிடிக்கச் சென்றோம். இடைப்பட்ட மூன்று வாரங்களில் மழைநீர் பரணில் ஒழுகியிருந்தது. இரண்டு ஏடுகள் எடுக்கும்பொழுதே கையிற் பொடியாயின. எஞ்சிய பக்கங்களை இருவேறிடங்களிற் படியெடுத்து வைத்த பின்னரே ‘ஃபார்’ என்னும் தொடர்கட்டளையால் எல்லாவற்றையும் ஒருவரியில் ஏவினோம். மாலையில் ஏவியது உண்டு முடித்து வருமுன் முடிந்திருந்தது. பழைய ‘லை’, ‘னை’ முதலியவற்றின் துதிக்கை வடிவங்கள், 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபின் அச்சில் வழக்கொழிந்தன. அவற்றைச் செயலி பலவிடத்தும் பிழைபடப் படித்துள்ளது. அவற்றைக் கையால் திருத்திக்கொண்டிருக்கின்றோம்; இதுவரை அறுபது பக்கம் முடிந்தது.

பொடியான ஏடுகள் 97 முதல் 100 வரையுள்ள பக்கங்கள். தோணியிற் கயிறு பிடிப்போர்க்கும் குளிப்போர்க்கும் இடையே வழங்கிய குறிச்சொற்கள் அங்கே தொடங்கின என்பது மட்டும் 96ஆம் பக்கத்தின் இறுதி வரியால் தெரிகின்றது. பழைய மாணவர் எவர் இல்லத்திலேனும் முத்துச் சலாபத்தைப் பற்றிய பழைய நூலின் படி இருக்குமாயின், அந்நான்கு பக்கங்களைப் படம் பிடித்துத் தமிழ்த்துறைக்கு அனுப்பியுதவ வேண்டுகின்றோம்.