புவெனஸ் ஐரிஸில் சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கேள்வி: என் கணவருக்கு அர்ஜென்டினா தலைநகர் புவெனஸ் ஐரிஸுக்கு மாற்றல் ஆகியிருக்கிறது. இரண்டு வருடம் அங்கேதான் இருக்கப் போகிறோம். பால், தயிர் சாப்பிடுவோம். முட்டைகூடத் தொட மாட்டோம். "அது மாட்டிறைச்சி ஊர், உனக்கு ரொட்டியும் இலை தழையும்தான்" என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா? சைவ உணவகங்களையும், பருப்பு, தானியக் கடைகளையும் அங்கே எப்படித் தேடுவது?
— ஒரு வாசகி, கோவை

பதில்: உங்கள் உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அம்மா. அர்ஜென்டினாக்காரர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 50 கிலோவை ஒட்டி மாட்டிறைச்சி சாப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் 'அசாதோ' நடக்காத தெரு குறைவு. கரித்தணலில் இறைச்சி வாட்டும் குடும்ப விருந்துக்கு அந்தப் பெயர். ஆனால் இறைச்சி நிறைய இருந்தால் மற்றது எதுவும் இருக்காது என்று முடிவுகட்டியதில்தான் அவர்கள் தவறிவிட்டார்கள்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இத்தாலியர்கள் லட்சக்கணக்கில் இந்த நகரத்துக்குக் குடிவந்தார்கள். பீட்சாவும் பாஸ்தாவும் அன்றிலிருந்து உள்ளூர்ச் சாப்பாடாகிவிட்டன. எந்தப் பீட்சா கடையிலும் 'ஃபுகசெத்தா' கிடைக்கும். வெங்காயமும் பாலாடைக்கட்டியும் மட்டும் போட்டது. கூடவே 'ஃபைனா' என்று கேளுங்கள். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு கலந்து தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டது. பீட்சாத் துண்டின் மேல் அதை வைத்து ஒன்றாகக் கடிப்பது ஊர் வழக்கம். பாஸ்தாவில் மட்டும் கவனம் வேண்டும்: கடையிலேயே செய்யும் புதுப் பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும். பாக்கெட்டில் வரும் உலர் பாஸ்தா பெரும்பாலும் கோதுமை மட்டும்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு 'போர் கிலோ' கடைகளைத் தேடுங்கள். வரிசையாக வைத்திருப்பதில் வேண்டியதைத் தட்டில் எடுத்து, எடை போட்டுக் காசு கொடுக்கும் கடைகள் இவை. பலவற்றைச் சீனர்கள் நடத்துகிறார்கள். முழுச் சைவமாக நடப்பவையும் உண்டு. என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்து எடுக்கலாம் என்பதால் மொழி தெரியாத முதல் மாதத்துக்கு இவை வசதி. தனிச் சைவ உணவகங்கள் பலெர்மோ, பெல்கிரானோ பக்கம் அதிகம். பெல்கிரானோவில் உள்ள சீனர் தெருவில் டோஃபு, அதாவது சோயாப்பாலைத் திரித்துக் கட்டியாக்கியது, தாராளமாகக் கிடைக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இரவு எட்டு மணிக்கு முன்னால் பல உணவகங்கள் கதவே திறக்காது.

இனி மளிகை. குடியிருப்புப் பகுதி எதுவானாலும் நாலு தெரு நடந்தால் 'தியெத்தேத்திகா' என்ற பலகை கண்ணில் படும். நம் நாட்டு மருந்துக் கடையையும் தானிய மண்டியையும் ஒரே அறையில் வைத்தது போல இருக்கும். கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு வகைகள், பாசிப்பயறு, எள், கைக்குத்தல் அரிசி, கீன்வா, மஞ்சள், சீரகம் எல்லாம் திறந்த டப்பாக்களில் இருக்கும். கரண்டியால் அள்ளி, கேட்ட கிராமுக்கு நிறுத்துத் தருவார்கள்.

இறைச்சி ஊரில் இத்தனை தியெத்தேத்திகா எதற்கு என்று தோன்றலாம். பதில் அந்த இறைச்சியிலேயே இருக்கிறது. அர்ஜென்டினாவின் வடமேற்கில் பயறும் கொண்டைக்கடலையும் ஏராளமாக விளைகின்றன. உள்ளூரில் சாப்பிடுவோர் குறைவு என்பதால் பெரும்பகுதி கப்பலேறிவிடுகிறது. பேரங்காடிகளும் இவற்றுக்கு அதிக இடம் ஒதுக்குவதில்லை. அந்த இடைவெளியைத்தான் சிறு கடைகள் பிடித்துக்கொண்டன. சைவர்கள், சர்க்கரை நோயாளிகள், கோதுமையில் உள்ள குளூட்டன் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்கள் எல்லாரும் வாடிக்கையாளர்கள். துவரம்பருப்பையும் உளுந்தையும் மட்டும் அங்கே எதிர்பார்க்காதீர்கள். இட்லிக்கு வேறு வழி பார்க்க வேண்டியிருக்கும்.

ஆக, பட்டினிக்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது மறைந்திருக்கும் கொழுப்புக்குத்தான். தட்டில் கிடக்கும் இறைச்சித் துண்டு யாரையும் ஏமாற்றாது. 'க்ராசா', அதாவது உருக்கிய மாட்டுக் கொழுப்பு, ஏமாற்றும். 'எம்பனாதா' என்பது நம் சோமாசி அளவில் இருக்கும் பொதி. உள்ளே என்ன பூரணம் என்று தெரிவதற்காக ஓரத்தை வகைக்கு ஒரு விதமாக மடித்திருப்பார்கள். சோளம் வைத்தது 'உமித்தா'. வெங்காயமும் பாலாடைக்கட்டியும் வைத்ததும் உண்டு. பூரணம் சைவம்தான், ஆனால் மேல்மாவில் பல கடைகளில் க்ராசா சேரும். காலைக் காப்பிக்குக் கொடுக்கும் பிறைவடிவ 'மெதியலூனா'வில் இரண்டு வகை: வெண்ணெய் போட்டது தடிமனாக இனிக்கும், க்ராசா போட்டது ஒல்லியாக, உப்பாக இருக்கும்.

பாக்கெட்டில் பச்சைப் புள்ளியைத் தேடாதீர்கள். அங்கே அப்படிக் கட்டாயம் இல்லை. கறுப்பு எண்கோண முத்திரை 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்தது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு அளவுக்கு மேல் இருப்பதைத்தான் சொல்கிறது. கதிரைக் குறுக்கே அடித்த 'சின் தாக்' முத்திரை குளூட்டன் இல்லை என்பதற்கு. இரண்டுக்கும் சைவத்துக்கும் சம்பந்தமில்லை. சேர்பொருள் பட்டியலில் 'க்ராசா வகூனா' (மாட்டுக் கொழுப்பு), 'ஹெலத்தீனா' (எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின்) இரண்டையும் படிக்கப் பழகினால் முக்கால் பிரச்சினை தீர்ந்தது.

கடைசியாக, பரிமாறுபவரிடம் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். மாட்டிறைச்சியைத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு, பன்றித் தொடை தூவிய சாலட்டை மனதார வைத்துவிட்டுப் போவார். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: "சின் கார்னே, சின் போஷோ, சின் பெஸ்காதோ, சின் ஹமோன், சின் உவேவோ" — இறைச்சி, கோழி, மீன், பன்றித் தொடை, முட்டை எதுவும் இல்லாமல். பட்டியலின் நீளத்தைக் கேட்டு அவர் சிரிக்கலாம்; சமையலறைக்குப் போய் விசாரித்துவிட்டும் வருவார்.