மக்கள் தொடர்புப் பணி: என்ன படிக்கலாம், எங்கே சேரலாம்?

"நல்லா பேசுறான், பி.ஆர்.ஓ. ஆகிடுவான்" என்று வீட்டில் சொல்வார்கள். பேச்சு உதவும்தான். ஆனால் இந்த வேலையில் பெரும்பகுதி எழுத்துதான்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மக்கள் தொடர்பு அலுவலரை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு முகாம் பற்றிய செய்திக்குறிப்பு பத்திரிகைகளுக்கு அவர் வழியாகத்தான் போகிறது. அதில் தேதி தவறினால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

என்ன படிக்கலாம்?

பிளஸ் டூ முடித்தவர்கள் இதழியல், காட்சித் தொடர்பியல் போன்ற பட்டப்படிப்புகளில் சேரலாம். வேறு பாடத்தில் பட்டம் வாங்கியவர்களும் முதுகலையில் இந்தப் பக்கம் வரலாம். சென்னைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இதற்கான துறைகள் உள்ளன. டெல்லியில் 1965-ல் தொடங்கப்பட்ட இந்திய மக்கள் தொடர்பு நிறுவனத்தில் விளம்பரம், மக்கள் தொடர்புக்கென்றே தனிப் படிப்பு உண்டு.

எங்கே வேலை?

மாநில அரசில் செய்தி மக்கள் தொடர்புத் துறை. மத்திய அரசில் இந்தியத் தகவல் பணி. இதன் 'ஏ' பிரிவுக்கு யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு எழுத வேண்டும், எந்தப் பட்டமும் போதும். தனியார் மருத்துவமனை, வங்கி, தொண்டு நிறுவனம், விளம்பர நிறுவனங்களிலும் இந்தப் பணி இருக்கிறது.

பணம் கட்டும் முன்

"மூணு மாசத்துல சர்டிபிகேட், வேலை கேரண்டி" என்ற விளம்பரத்தை நம்பி உடனே பணம் அனுப்பாதீர்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி. தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. தொலைநிலைப் படிப்பு என்றால், அதற்கு அனுமதி இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்க்கலாம். செலவில்லாமல் கற்றுப்பார்க்க 'ஸ்வயம்' தளம் இருக்கிறது. தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற மட்டும் கட்டணம்.

இன்றே ஒரு பயிற்சி

"தகுதியுடைய விண்ணப்பதாரர்கள் உரிய ஆவணங்களுடன் சம்பந்தப்பட்ட அலுவலகத்தை அணுகுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

படிக்கிறவருக்கு இதில் என்ன புரியும்? யாருக்குத் தகுதி? எந்த ஆவணம்? எந்த அலுவலகம்? எந்தத் தேதிக்குள்? உங்கள் போனில் வந்த ஏதாவது ஓர் அறிவிப்பை எடுத்து, இந்த நான்கு கேள்விக்கும் பதில் வரும்படி நான்கே வரியில் எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் திருப்பிக் கேள்வி கேட்காவிட்டால், இந்தத் துறை உங்களுக்குச் சரிவரும்.