பிள்ளையின் உயரமும் வாழ்க்கைத் தரமும்: அளப்பது எப்படி?



எமது இரண்டாவது மகன் வயதுக்கு ஏற்ற உயரமில்லை. கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு மாதாமாதம் அளந்து பார்ப்பது எமது வழக்கமாக இருந்தது. ஆனால் வளர்ச்சிக் கிளினிக்கில் உயரத்தை அளந்தபின் எம் இருவரிடமும் ஆளுக்கொரு வினாத்தாள் தந்தார்கள். பிள்ளையின் வாழ்க்கைத் தரத்தை அளக்கவாம். கணக்கெழுதிப் பிழைக்கும் எமக்கு அது புதுக் கணக்காக இருந்தது.

ஒரே வயதும் பாலும் உள்ள பிள்ளைகளின் சராசரியிலிருந்து இரண்டு நியம விலகலுக்குக் கீழே இருந்தால் அதைக் குட்டை உயரம் என்கிறார்கள். நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய இருவர் இப்படி இருப்பர். பலருக்கு நோய் எதுவுமில்லை. தாய் தகப்பன் கட்டை, அல்லது பிந்தி வளரும் உடல்வாகு. ஆனால் தைரொயிட் குறைபாடு, வளர்ச்சி ஹோர்மோன் குறைபாடு, பெண்பிள்ளைகளில் டேர்னர் நோய்க்குறி போன்றவையும் காரணமாகலாம். ஆகவே தன் வளர்ச்சிக் கோட்டை விட்டுப் பிள்ளை கீழே இறங்கினால், "எங்கட பரம்பரை அப்படித்தான்" என்று இருந்துவிடாமல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

காரணம் தெரியாத குட்டை உயரத்துக்கும் ஹோர்மோன் ஊசி போட அமெரிக்கா 2003இல் அனுமதித்தது. பல ஆண்டுகள் ஊசி ஏற்றினால் சராசரியாகக் கிடைப்பது 3.5 முதல் 7.5 சென்ரிமீற்றர் வரை. அதனால் பிள்ளையின் வாழ்வு எவ்வளவு மேம்படுகிறது? அதைச் சொல்ல அளவுகோல் வேண்டும் அல்லவா? அதற்கென்றே ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 'குவாலிஸி' என்ற வினாத்தாளை உருவாக்கினார்கள். 8 முதல் 18 வயது வரையான பிள்ளைகள் தாமே விடை எழுதுவார்கள், பெற்றோருக்குத் தனித்தாள்.

எமக்குத் தந்தது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான 'பெட்ஸ்-கியூ-எல்'. உடல், மனம், நட்பு, பாடசாலை பற்றி 23 கேள்விகள். கடந்த ஒரு மாதத்தில் ஒரு சிரமம் ஒருபோதும் இல்லையென்றால் 0, ஏறக்குறைய எப்போதும் என்றால் 4. இதைத் திருப்பி 100, 75, 50, 25, 0 என்று மாற்றிச் சராசரி எடுப்பார்கள். கூடினால் நல்லது. ஒரு பகுதியில் பாதிக்கு மேல் விடை இல்லையென்றால் அப்பகுதிக்குப் புள்ளியே போடுவதில்லை. இந்த ஒழுங்கு எமக்குப் பிடித்திருந்தது.

நட்புப் பகுதியில் ஐந்து கேள்விகள். நாம் போட்டது 3, 3, 3, 2, 3. அதாவது 30 புள்ளி. மகன் போட்டது 0, 0, 3, 1, 1. அவனது கணக்கில் 75! பிழை விட்டுவிட்டான் என்று எண்ணி அவன் தாளைத் திருத்தப் போனோம். தாதி தடுத்துவிட்டார். கணக்கு எழுதுபவரே கணக்காய்வும் செய்யக்கூடாது என்பது எமக்குத் தெரியாததா? வெட்கமாகப் போய்விட்டது.

குட்டைப் பிள்ளையின் வாழ்வைப் பெற்றோர் பிள்ளையை விடக் குறைத்து மதிப்பிடுவது பல ஆய்வுகளில் கண்ட விடயம் என்று பின்னர் அறிந்தோம். இங்கிலாந்தின் வெசெக்ஸ் பகுதியில், 1980களின் நடுவில் பள்ளியில் சேர்ந்த குட்டைப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். நாம் பயப்படும் அளவுக்கு அவர்கள் மனம் ஒடிந்து போகவில்லை. கிளினிக்குக்கு வருவோரை மட்டும் பார்த்து எல்லோரையும் கணிக்கலாகாது.

ஆனாலும் மகனின் தாளில் அந்த ஒரு 3 இருந்தது. கேலி பற்றிய கேள்வி அது. பள்ளியில் யார் கேலி செய்கிறார்கள் என்று வீட்டில் கேட்டோம். "பள்ளிக்கூடத்தில இல்லையப்பா. கோயில் மண்டபத்தில மாமாமார்தான். தலையில தட்டி, இன்னும் வளரேல்லையோ எண்டு கேப்பினம். நீங்களும் சிரிப்பீங்கள்" என்றான்.

நாம் சிரித்தது உண்மைதான்.

கதவு நிலையில் இப்போது கோடு போடுவதில்லை. உயரத்தைக் கிளினிக்கில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள், அது போதும். ஊசி வேண்டுமா என்பது அடுத்த தவணையில் பேசப்படும். அதற்குமுன் அவன் தன் தாளைத் தனி அறையில் இருந்து நிரப்புவான்.