ரவைத் துப்பாக்கியின் வெளிச்சரக்குத் தோட்டாப் பெட்டிகள்: குறைகளைக் கண்டறிந்து நீக்கும் முறை

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியினால் உண்டாகும் நஷ்டம் நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஸ்பானியர் 16-ஆம் நூற்றாண்டில் கொண்டுபோய் விட்ட வீட்டுப்பன்றிகளின் சந்ததியும், பின்னர் வேட்டைக்காக இறக்குமதி செய்யப்பட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளும் கலந்து பெருகிப் பண்ணைகளைப் பாழ்படுத்தி வருகின்றன. அந்நாட்டு விவசாய இலாகா 2014-ஆம் ஆண்டில் இதற்கெனத் தேசிய அளவில் ஒரு திட்டம் ஏற்படுத்திற்று. டெக்ஸாஸ் ராஜ்யத்தில், நிலச் சொந்தக்காரரின் சம்மதம் பெற்றவர் தனியார் நிலத்தில் வேட்டை லைசென்ஸ் இல்லாமலே இப்பன்றிகளைச் சுடலாம் என்று 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 1-ந் தேதி முதல் விதிக்கப்பட்டது.

இவ்வேலைக்கு அங்குள்ள பண்ணைக்காரர் சிலர், தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் 12-போர் ரவைத் துப்பாக்கியைக் கழற்றி மாட்டும் தோட்டாப் பெட்டியுடன் கையாளுகின்றனர். அப்பெட்டி குறையுள்ளதாயின், காயம்பட்ட பன்றி எதிர்த்து வரும் சமயத்தில் துப்பாக்கி அடைத்துக்கொள்ளும். அடைப்பை அவசரமாய் நீக்க முயலும்போது கைதவறி வெடித்தல் அதனினும் பெரிய அபாயம். ஆகையால் குறையை வயலில் அன்று, முன்னதாகவே நிதானமாய்க் கண்டறிதல் அவசியமாகும்.

பெட்டியின் வரலாறு

தானே தோட்டா ஏற்றும் ரவைத் துப்பாக்கிகளில் முதன்மையாகப் பெயர் பெற்றது ஜான் பிரௌனிங் என்பவர் வகுத்து, பெல்ஜியத்தில் 1902-ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்ட ஆட்டோ-5 என்பதாகும். அதில் தோட்டாக்கள் சுடுகுழலின் கீழுள்ள மற்றொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாய்க் கிடக்கும். கழற்றி மாட்டும் பெட்டி அதற்கு இல்லை.

ருஷ்யாவில் இழேவ்ஸ்க் நகரத்து இழ்மாஷ் தொழிற்சாலை, கலாஷ்னிகோவ் துப்பாக்கியின் அமைப்பைத் தழுவி 1990-களில் செய்த சைகா-12 வேறு வகையினது. இதன் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டியில் இருக்கும். அமெரிக்காவுக்கு இது வேட்டைத் துப்பாக்கி என்ற பெயரில், குறைந்த தோட்டாக்கள் கொள்ளும் பெட்டியுடன் அனுப்பப்பட்டது. 2014-ஆம் ஆண்டில் விதிக்கப்பட்ட தடையால் அவ்வரவு நின்றது. அமெரிக்கச் சட்டப்படி இறக்குமதியான இத்தகைய துப்பாக்கியை மாற்றியமைப்பவர், குறிப்பிட்ட 20 உறுப்புகளில் வெளிநாட்டுச் சரக்கு 10-க்கு மேல் இல்லாதபடி பார்த்துக்கொள்ளல் வேண்டும். பெட்டியின் உடல், உள்ளே தோட்டாவை ஏந்தும் தகடு, அடிமூடி ஆகிய மூன்றும் அக்கணக்கில் சேரும். ஆகவே உள்நாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கினால் மூன்று உறுப்புகள் ஒருங்கே மாறியதாகும். இதனாலும், அதிகத் தோட்டா கொள்ளும் பெட்டியில் உள்ள விருப்பத்தாலும், பல பட்டறைகள் வெளிச்சரக்குப் பெட்டிகளைச் செய்து விற்கத் தொடங்கின. அவற்றுள் நல்லவையும் உண்டு, பொருந்தாதவையும் உண்டு.

ரவைத் தோட்டாவின் இயல்பு

ரைபிள் தோட்டாவைவிட ரவைத் தோட்டா பெட்டிக்கு இணங்குவது கடினம். அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, அதன் அடியில் விளிம்பு வெளியே புடைத்து நிற்கிறது. ஒரு தோட்டாவின் விளிம்பு மற்றொன்றன் விளிம்பைத் தடுக்கக்கூடும்.

இரண்டாவது, அதன் உடல் பித்தளையன்று. முற்காலத்தில் காகிதத்தாலும், 1960-களிலிருந்து பெரும்பாலும் பிளாஸ்டிக்காலும் செய்யப்படுகிறது. சுருள்வில்லின் அழுத்தத்தில் பல நாள் கிடந்தால் அது நசுங்கி முட்டைவடிவமாகும்.

மூன்றாவது, அதன் நீளம் ஒரே சீரானதன்று. 70 மில்லிமீட்டர், 76 மில்லிமீட்டர் என்று குறிக்கப்படுவது வெடித்து வாய் திறந்தபின் உள்ள நீளமேயாம். வாய் மடித்த தோட்டா அதனினும் குறுகியது. ஆகவே 76 மில்லிமீட்டர் தோட்டாவுக்கென அமைந்த பெட்டியில் 70 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு முன்னும் பின்னும் இடம் மிஞ்சும். துப்பாக்கி உதைக்கும்போதெல்லாம் அது அவ்விடத்தில் நகரும்.

சோதனைக்கு முன்

பெட்டியைக் கழற்றிய பின்பே போல்ட்டைப் பின்னிழுத்து, தோட்டா அறையில் ஒன்றும் இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் நிச்சயித்துக்கொள்ளல் வேண்டும். போல்ட்டை முதலில் இழுத்துப் பெட்டியைப் பின்னர்க் கழற்றினால், அதற்குள் மற்றொரு தோட்டா அறைக்குள் ஏறிவிடும். வீட்டில் செய்யும் சோதனைகள் யாவும் மருந்தும் எரிமூடியும் இல்லாத போலித் தோட்டாக்களைக் கொண்டே செய்யத்தக்கவை. வெடிமருந்துள்ள தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருத்தல் கூடாது. சுடும் இடத்தில் தோட்டா வெடிக்காமற் போனால், குழலை ஆபத்தில்லாத திசையில் நீட்டியபடியே அரை நிமிஷத்துக்குக் குறையாமல் பொறுத்திருந்து பின்னரே திறத்தல் வேண்டும்.

குறை எங்கே உள்ளது?

அடைப்பு நேர்ந்தவுடன் பெட்டியைக் குறைகூறுதல் வழக்கம். ஆனால் துப்பாக்கி, தோட்டா, பெட்டி ஆகிய மூன்றில் எதுவும் காரணமாகலாம். ஒரு சமயத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றிப் பார்த்தலே இதைப் பிரித்தறியும் வழி. பெட்டிகளுக்கு வர்ணத்தால் இலக்கம் இட்டு, ஒவ்வொரு சோதனையிலும் பெட்டியின் இலக்கம், தோட்டாவின் வகை, எத்தனையாவது தோட்டாவில் தடை நேர்ந்தது என்பவற்றை ஒரு குறிப்புப் புத்தகத்தில் பதிந்து வருதல் நலம்.

1. தொழிற்சாலை அசல் பெட்டி நன்கு வேலை செய்து, அதே தோட்டாவுடன் வெளிச்சரக்குப் பெட்டி தடைப்பட்டால், குறை பெட்டியினுடையது.

2. இரண்டு பெட்டிகளும் தடைப்பட்டால், குறை துப்பாக்கியிலோ தோட்டாவிலோ உள்ளது.

3. வலிமை மிக்க தோட்டாவில் சரியாய் இருந்து, இலேசான தோட்டாவில் மாத்திரம் தடைப்பட்டால், போல்ட்டைத் தள்ளும் வாயு போதவில்லை. சைகா-12 துப்பாக்கியில் வாயுவைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு நிலைகளுள்ள திருகு உண்டு. அதனை முதலில் பார்த்து, வாயு செல்லும் துவாரங்களில் படிந்த கரியையும் நீக்குதல் வேண்டும்.

4. அதே பெட்டி அதே வகையான வேறொரு துப்பாக்கியில் நன்கு வேலை செய்தால், பெட்டி பழுதானதன்று. இந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தவில்லை என்பதே பொருள்.

சுட்ட வெற்றுக்கூடு வெளியேறாமல் நின்றுவிடுவது பெரும்பாலும் வாயுக் குறையாலாவது கூட்டை இழுக்கும் கொக்கியின் பழுதாலாவது நேர்வது. எனினும், உயரமாய் அமர்ந்த பெட்டி போல்ட்டின் அடியை உரசி அதன் வேகத்தைக் குறைத்தாலும் இதே அடையாளம் தோன்றும். ஒவ்வொரு தோட்டாவாகப் பெட்டியிலிட்டுச் சுட்டபோது கூடு நன்கு வெளியேறி, நிறைந்த பெட்டியில் மாத்திரம் நின்றால், பெட்டியின் உரசலையே சந்தேகிக்க வேண்டும்.

அடையாளங்களும் காரணங்களும்

(அ) பெட்டி மாட்டிக்கொள்ளாமை: இப்பெட்டியின் முன்புறத்துப் பல்லை முதலில் செருகி, பின்புறத்தை மேல்நோக்கிச் சாய்த்தால் பின்பல் பிடிகொக்கியில் விழும். வெளிச்சரக்கில் பின்பல் சிறிது தடித்திருந்தால் கொக்கி விழாது. மெலிந்திருந்தால் பெட்டி ஆடும், சில சமயம் கழன்று விழும். வெறும் பெட்டி எளிதில் மாட்டி, நிறைந்த பெட்டி மாத்திரம் மாட்டாவிடில் பல் காரணமன்று. மூடிய போல்ட்டின் அடிப்புறத்தில் மேல் தோட்டா முட்டுகிறது. உள்ளே அது இறங்குவதற்கு இடமில்லை. போல்ட்டைத் திறந்து நிறுத்தி மாட்டுதல், அல்லது ஒரு தோட்டா குறைவாக நிரப்புதல் இதற்குப் பரிகாரம்.

(ஆ) போல்ட்டு தோட்டாவை விட்டுவிட்டு மேலே சென்று மூடுதல்: பெட்டி தாழ அமர்ந்திருக்கலாம், சுருள்வில் தளர்ந்திருக்கலாம், ஏந்து தகடு சாய்ந்து சுவரில் சிக்கியிருக்கலாம். விரலால் தகட்டை அடிவரை அழுத்தி விட்டால், அது தங்காமல் ஒரே ஓட்டமாய் மேலெழ வேண்டும். எங்கேனும் தயங்கினால் அவ்விடத்தில் பிசிறோ அழுக்கோ உள்ளது.

(இ) தோட்டாவின் முனை கீழ்நோக்கி அறைவாயிற் குத்துதல்: தகட்டின் முன்பாகம் தாழ்ந்திருப்பதாலும், பெட்டியின் முன்புறம் ஆடுவதாலும் இது விளையும். துப்பாக்கியைக் கெட்டியாய்ப் பிடித்து, பெட்டியை முன்பின்னாக அசைத்தால் ஆட்டம் தெரியும்.

(ஈ) ஒரே சமயத்தில் இரண்டு தோட்டாக்கள் எழும்புதல்: தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் உதடுகள் விரிந்துவிட்டன. பிளாஸ்டிக் பெட்டிகளில் இதற்குப் பரிகாரம் இல்லை. அனலில் காட்டி வளைத்தால் சில நாளில் மறுபடி விரியும் அல்லது முறியும். அத்தகைய பெட்டியை ஒதுக்கிவிடுதலே தக்கது.

(உ) நடுவில் ஒரு தோட்டா அசையாமல் நிற்றல்: மேல் தோட்டாவின் விளிம்பு அடுத்த தோட்டாவின் விளிம்புக்குப் பின்னே விழுந்து பூட்டிக்கொண்டது. நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் தனக்குக் கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னே இருக்கும்படி வைத்தல் வேண்டும். சரியாக நிரப்பியும் உதையினால் இது திரும்பத் திரும்ப நேர்ந்தால், தோட்டாவின் நீளம் அப்பெட்டிக்கு ஏற்றதன்று.

(ஊ) முதல் தோட்டா மாத்திரம் ஏறாமை: பெட்டி அளவுக்கு மிஞ்சி நிறைந்துள்ளது, அல்லது பல நாள் நிரப்பி வைத்ததால் தோட்டா நசுங்கியுள்ளது. நசுங்கிய தோட்டாவை மேசைமேல் உருட்டினால் தத்தித் தத்தி உருளும்.

(எ) கடைசித் தோட்டா மாத்திரம் ஏறாமை: சுருள்வில் மேற்பாகத்தில் வலிமை இழந்துள்ளது. வில்லை இழுத்து நீட்டுவதால் வரும் பலன் சில நாளைக்கே. புது வில் மாற்றுதல் வேண்டும்.

திருத்தும் முறை

முதலாவது செய்யத்தக்கது சுத்தமே. அடிமூடியைக் கழற்றும்போது வில் துள்ளி முகத்தில் அடியாதபடி கட்டைவிரலால் அமுக்கிக்கொள்ளல் வேண்டும். உட்சுவரை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும், எண்ணெய் பூசலாகாது. எண்ணெய் மருந்துக் கரியையும் புழுதியையும் பிடித்துப் பசையாக்கும். வார்ப்பில் நின்ற பிசிறுகளை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து நீக்கலாம்.

பின்பல் தடித்திருந்தால் மாத்திரம் அரத்தைக் கையில் எடுக்கலாம். பல்லில் கரி பூசி மாட்டிக் கழற்றினால், கொக்கி எங்கே உரசுகிறது என்பது தெரியும். அவ்விடத்தில் மூன்று நான்கு இழுப்பு அராவி, மறுபடி மாட்டிப் பார்த்து, மறுபடி அராவுதல் வேண்டும். அராவியதை மீளச் சேர்க்க இயலாது. பெட்டிக்குப் பொருந்துமாறு துப்பாக்கியின் கொக்கியை அராவுதல் ஒருபோதும் கூடாது. அவ்வாறு செய்தால் அதுவரை நன்கு பொருந்தியிருந்த அசல் பெட்டியும் பொருந்தாமற் போகும்; சில ரூபாய்ப் பண்டத்துக்காக விலையுயர்ந்த பொருளைக் கெடுத்ததாகும். விற்றவர் திரும்ப ஏற்பதாகச் சொல்லியிருந்தால், அராவுவதற்கு முன்னரே அனுப்பிவிடுதல் உத்தமம். கைபட்ட சரக்கை எவரும் ஏற்பதில்லை.

திருத்திய பெட்டியைப் பல முறை நிறைய நிரப்பி, வயலில் உபயோகிக்கும் அதே வகைத் தோட்டாவால் சுட்டு, ஒரு தடையும் நேராத பின்பே நம்பத்தக்கதென்று கொள்ளல் வேண்டும். ஐயமுள்ள பெட்டியை நல்ல பெட்டிகளோடு கலந்து வைத்தலாகாது.

நம் நாட்டார் கவனிக்க வேண்டியவை

இத்தகைய துப்பாக்கிகள் நம் நாட்டுப் பயிர்க் காவலுக்கு உரியன அல்ல. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி எந்தத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கென அச்சட்டம் தனியே குறிப்பிடுவது, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையே ஆகும். காட்டுப்பன்றியைச் சுடுதல் வனவிலங்குச் சட்டத்துக்கும் உட்பட்டது. ஆகையால் தக்க அதிகாரியின் உத்தரவின்றி இதில் இறங்குதல் குற்றமாகும். அமெரிக்காவிலும், தனித்தனியே சுடுவதைவிடக் கூட்டம் முழுவதையும் பட்டியில் அடைத்துப் பிடித்தலே மிகுந்த பலன் தருவதாய்க் கண்டிருக்கின்றனர். ஓரிரண்டைச் சுட்டால் எஞ்சியவை கலைந்து வேறு வயலில் சேரும்.

ஆயினும் மேற்கூறிய சோதனை முறை துப்பாக்கிக்கு மாத்திரம் உரியதன்று. நீரிறைக்கும் இயந்திரத்தின் வால்வு, மருந்து தெளிக்கும் கருவியின் மூக்கு, டிராக்டரின் வடிகட்டி முதலிய வெளிச்சரக்கு உறுப்புகள் எவற்றுக்கும் இது பொருந்தும். அசல் உறுப்பை எறிந்துவிடாமல் ஒப்பிடுவதற்காக வைத்துக்கொள்க. ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றுக. கண்டதைக் குறித்து வைக்க. மீளச் சேர்க்க இயலாத வேலையைக் கடைசியில் செய்க. இந்நான்கையும் அனுசரிப்பவர் பணத்தை வீணாக்கார். அவசர வேளையில் கருவியால் கைவிடப்படவுமாட்டார்.