பழைய கேசட் குரலைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்வது பாட்டுக் கேட்பதும் படம் பார்ப்பதும்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் லேப்டாப்பை ஓர் உருப்படியான வேலைக்குப் பயன்படுத்த வைத்தது ஒரு பழைய கேசட். அந்த வேலையில் நான் செய்த தவறுகளையும், அவற்றிலிருந்து கற்றுக் கொண்டதையும் இங்கே படிப்படியாகத் தருகிறேன். உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு கேசட் இருந்தால், அதைத் தொடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் அப்பா 1980களில் சவுதியில் வேலை பார்த்தார். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. கடிதத்திற்குப் பதிலாகச் சில சமயம் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்த பலரும் அந்தக் காலத்தில் இப்படிச் செய்தார்கள். அவற்றில் எங்களிடம் மிஞ்சியது ஒரே ஒரு சி-60 கேசட். பக்கத்துக்கு 30 நிமிடம். மேலே 1987 என்று அவர் கையெழுத்தில் எழுதியிருக்கும். அப்பா இப்போது இல்லை. அவர் கொண்டு வந்த டூ-இன்-ஒன்னும் பழுதாகிப் பல வருடமாகிறது. “அவங்க குரலை ஒரு தடவை கேக்கணும்டா” என்று அம்மா சொன்னதும் வேலையில் இறங்கினேன்.

என்னென்ன வேண்டும்?

1. ஓடக்கூடிய ஒரு கேசட் பிளேயர். எனக்கு நண்பர் ஒருவர் வீட்டிலிருந்து கையடக்க பிளேயர் ஒன்று கிடைத்தது.

2. இரு முனையிலும் 3.5 மி.மீ. பின் உள்ள ஸ்டீரியோ கேபிள். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஆக்ஸ் கேபிள் என்று கேட்டால் தருவார்கள்.

3. கம்ப்யூட்டரில் ஒலி உள்ளே செல்ல ஒரு வழி. டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் என்றால் பின்பக்கத்தில் வண்ணத் துளைகள் இருக்கும். பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் லைன் இன். நமக்கு வேண்டியது நீலம். இன்றைய லேப்டாப்கள் பலவற்றில் ஒரே ஒரு துளைதான் உண்டு. அது மைக்குடன் கூடிய ஹெட்செட்டுக்கானது. ஹெட்செட் பின்னைப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். ஆக்ஸ் கேபிளின் பின்னில் இரண்டுதான் இருக்கும். எனவே அதைச் செருகினால், ஏதோ ஹெட்போன் வந்துவிட்டது என்றுதான் லேப்டாப் நினைக்கும். ஒலி உள்ளே போகாது. இதற்கு யு.எஸ்.பி. ஆடியோ அடாப்டர் வாங்க வேண்டும். அட்டையில் லைன் இன் என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். விலை குறைந்த பல அடாப்டர்களில் மைக் துளை மட்டுமே இருக்கும். நான் வாங்கியது அந்த ரகம். அது எனக்கு என்ன செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

4. ஆடாசிட்டி சாப்ட்வேர். 2000ஆம் ஆண்டில் வெளியான இது இன்றும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். முன்பெல்லாம் எம்.பி.3 பைலாகச் சேமிக்க லேம் என்ற இன்னொரு புரோகிராமைத் தனியே தேடிப் பதிய வேண்டியிருந்தது. இப்போதைய பதிப்புகளில் அது உள்ளேயே இருக்கிறது. அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள்.

முதல் தவறு: குக்கர் விசில்

கேபிளைச் செருகினேன். ஆடாசிட்டியைத் திறந்து சிவப்பு வட்டப் பட்டனை அழுத்தினேன். பச்சை மீட்டர் துள்ளியது. பத்து நிமிடம் கழித்துப் போட்டுக் கேட்டால், எங்கோ தூரத்தில் அப்பா பேசுகிறார். அவரைவிடச் சத்தமாக மின்விசிறி ஓடுகிறது. நடுவில் சமையலறையிலிருந்து குக்கர் விசில் வேறு.

காரணம் எளிமையானது. லேப்டாப்பிலேயே உள்ள மைக் வழியாகப் பதிவாகியிருந்தது. பிளேயரின் சின்ன ஸ்பீக்கர் சத்தம் அறைக் காற்றில் வந்து மைக்கில் விழுந்திருக்கிறது. கேபிள் சரியாக உட்காராததால்தான் அந்த ஸ்பீக்கரும் பாடிக் கொண்டிருந்தது.

இதைத் தவிர்க்க, முதலில் அடாப்டரைச் செருகிவிட்டுப் பிறகு ஆடாசிட்டியைத் திறக்கவும். மேலே ஆடியோ செட்டப் என்ற பட்டனில் கிளிக் செய்து, ரெக்கார்டிங் டிவைஸ் என்பதில் உங்கள் அடாப்டரைத் தேர்ந்தெடுக்கவும். பிறகு ஒரு சோதனை. பதிவை ஓடவிட்டு, லேப்டாப் மைக் இருக்கும் இடத்தை நகத்தால் தட்டுங்கள். மீட்டர் துள்ளினால் தவறான மைக் தேர்வாகியிருக்கிறது என்று பொருள்.

மீட்டர் அசையவே இல்லையா? விண்டோஸில் செட்டிங்ஸ் சென்று, பிரைவசி பிரிவில் மைக்ரோபோன் என்பதைத் திறந்து, டெஸ்க்டாப் புரோகிராம்களுக்கு அனுமதி தரப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். அனுமதி இல்லையென்றால் வெறும் அமைதிதான் பதிவாகும்.

இரண்டாவது தவறு: சிவப்பு மீட்டர்

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியப் பாடம். பொறுமையாகப் படியுங்கள்.

சரியான டிவைஸைத் தேர்ந்தெடுத்துக் கேசட்டை ஓடவிட்டேன். பிளேயரின் வால்யூம் முக்கால் பங்கு திறந்திருந்தது. மீட்டர் வலது முனைவரை போய்ச் சிவப்பைத் தொட்டது. அதிகம் என்று புரிந்தது. உடனே ஆடாசிட்டியில் உள்ள ரெக்கார்டிங் வால்யூம் ஸ்லைடரைக் குறைத்தேன். மீட்டர் இறங்கியது. சரியாகிவிட்டது என்று நினைத்து 30 நிமிடமும் பதிவு செய்தேன்.

கேட்டபோது, மீட்டர் அளவாகத்தான் இருந்தது. ஆனால் அப்பாவின் குரல் காகிதத்தைக் கிழிப்பது போலக் கரகரத்தது. ஏன்?

மைக் துளை என்பது மிக மெல்லிய மின் அலைகளை வாங்கிப் பெரிதாக்குவதற்காக அமைக்கப்பட்டது. ஹெட்போன் துளையிலிருந்து வருவதோ அதைவிடப் பல மடங்கு வலுவானது. அவ்வளவையும் அது தாங்காது. தாங்காத உச்சிப் பகுதிகளை வெட்டிவிடும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். அப்படி வெட்டுப்பட்ட அலைதான் கம்ப்யூட்டருக்கு வருகிறது. அங்கே ஸ்லைடரைக் குறைத்தால், வெட்டுப்பட்ட அலை சிறிய அளவில் பதிவாகும். அவ்வளவுதான். தலை வெட்டுப்பட்ட போட்டோவைச் சிறிதாக்கினால் தலை திரும்ப வந்துவிடுமா?

எனவே ஒலி அதிகமானால் அது கிளம்பும் இடத்திலேயே, அதாவது பிளேயரின் வால்யூம் திருகில்தான் முதலில் குறைக்க வேண்டும். பிளேயரில் மிகக் குறைவாக வைத்துத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மிகச் சத்தமான இடத்திலும் மீட்டர் மைனஸ் 6 என்ற குறியைத் தாண்ட வேண்டாம். சத்தம் குறைவாகப் பதிவானால் பிறகு கூட்டிக் கொள்ளலாம். வெட்டுப்பட்டதை ஒட்ட முடியாது. விண்டோஸின் சவுண்ட் செட்டிங்ஸில் மைக்ரோபோன் பூஸ்ட் என ஒன்று இருந்தால் அதைப் பூஜ்யமாக்குங்கள். ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பதையும் ஆப் செய்துவிடுங்கள்.

மூன்றாவது தவறு: பொறுமையின்மை

அளவுகளைச் சரி செய்து, மீண்டும் முதலிலிருந்து ஓடவிட்டேன். இந்த முறை குரல் தெளிவாக வந்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் சட்டென்று குரல் இழுத்தது, நின்றது. மூடியைத் திறந்தால், டேப் உருளையில் சுற்றிக் கொண்டு நொறுங்கிக் கிடந்தது.

பழைய பிளேயரின் ரப்பர் உருளையில் பிசுக்கு இருந்தால் டேப் ஒட்டிக் கொள்ளும். நான் அதைத் துடைக்கவே இல்லை. ரேடியோ மெக்கானிக் ஒருவர் கேசட்டின் ஐந்து ஸ்குருக்களைக் கழற்றி, நைந்துபோன பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மீதியை ஒட்டித் தந்தார். வெட்டி எடுத்தது சுமார் ஒரு மீட்டர். கேசட் டேப் வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 21 வினாடி. அப்பாவின் குரலில் 21 வினாடி என் கையாலேயே போய்விட்டது.

அம்மாவுக்கு அந்தக் கேசட் மனப்பாடம். அந்த இடத்தில் என்ன இருந்தது என்று அவரே சொன்னார். “பணம் அனுப்பினதைச் சொல்லிட்டு, ராத்திரி தாழ்ப்பாள் போட்டுட்டுப் படுன்னு சொல்லுவாங்க.”

ஆகவே, முக்கியமான கேசட்டை ஓடவிடும் முன் இவற்றைச் செய்யுங்கள்.

* பிளேயரின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள்.

* கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். பிறகு தவறிக்கூட அதன்மேல் வேறெதுவும் பதிவாகாது.

* புதிய பேட்டரி போடுங்கள். பேட்டரி இறங்கினால் வேகம் குறைந்து குரல் தடித்துவிடும்.

* வேண்டாத சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றில் எல்லாச் சோதனைகளையும் முடியுங்கள். டேப் ஒழுங்காக ஓடுகிறதா, மீட்டர் சரியா, குரல் தெளிவா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். முக்கியமான கேசட் கடைசியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

இரைச்சலைக் குறைப்பது

பதிவு முடிந்ததும் பின்னணியில் உஸ் என்ற இரைச்சல் கேட்கும். யாரும் பேசாத ஓரிரு வினாடியை மவுஸால் தேர்ந்தெடுங்கள். எபெக்ட் மெனுவில் நாய்ஸ் ரிமூவல் பிரிவில் உள்ள நாய்ஸ் ரிடக்ஷனைத் திறந்து, கெட் நாய்ஸ் புரொபைல் என்பதில் கிளிக் செய்யுங்கள். எது இரைச்சல் என்று சாப்ட்வேருக்குக் காட்டிவிட்டோம். அடுத்து கன்ட்ரோல் + ஏ அழுத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, மீண்டும் அதே இடத்திற்குச் சென்று ஓகே கொடுங்கள். உங்கள் பதிப்பில் மெனு பெயர் சற்று மாறியிருக்கலாம். அளவை அதிகம் கூட்டினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். 6 முதல் 12 டெசிபலுக்குள் வைத்துக் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் இரைச்சல் இருப்பதில் தவறில்லை.

எப்படிச் சேமிப்பது?

இந்த வேலைக்கு முன்பே, பதிவு செய்தபடி ஒரு காப்பியை வேவ் பைலாக எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். சிடி தரத்தில் ஒரு நிமிடத்திற்குச் சுமார் 10 எம்.பி. இடம் பிடிக்கும். ஒரு பக்கம் 300 எம்.பி.க்குச் சற்று மேல் வரும். இது மூலப் பிரதி. இதில் கை வைக்கவே கூடாது. இரைச்சல் நீக்கியதை எம்.பி.3 ஆக்கினால், 128 கேபிபிஎஸ் அளவில் 30 நிமிடமும் 30 எம்.பி.க்குள் அடங்கிவிடும். மொபைலில் கேட்க இது போதும். மூலப் பிரதியைக் கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, வேறொரு வீட்டில் ஒன்று என மூன்று இடங்களில் வையுங்கள். பென் டிரைவும் ஒருநாள் பழுதாகும். கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

அந்த 21 வினாடி?

கரகரப்பாக இருக்கிறதே என்று முதல் பதிவை நான் அழிக்கப் போனேன். ஏனோ அழிக்கவில்லை. அதுதான் கைகொடுத்தது. அதைத் திறந்து, விடுபட்ட 21 வினாடியை மட்டும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + சி கொடுத்தேன். நல்ல பதிவில் வெட்டு விழுந்த இடத்தில் கர்சரை வைத்து கன்ட்ரோல் + வி கொடுத்தேன். சத்த அளவை இரு பக்கமும் பொருந்துமாறு சரி செய்தேன். கரகரப்பை மட்டும் எந்த எபெக்டாலும் போக்க முடியவில்லை. ஆகவே இன்னொரு விதி. புதிய பதிவு முழுதாக முடிந்து, அதைக் கேட்டுப் பார்க்கும்வரை பழைய பதிவு எவ்வளவு மோசமானாலும் அழிக்காதீர்கள்.

அம்மாவின் மொபைலில் ஏற்றி, ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டுக் கொண்டிருந்தவர், பன்னிரண்டாவது நிமிடத்தில் கண்ணைத் திறந்தார்.

“இந்த இடத்துல மட்டும் அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு பாருடா. அந்த ஊர் வெயில் ஒத்துக்கல போல. அப்ப எனக்குத் தெரியாமப் போச்சே” என்றார்.

அப்பாவின் தொண்டை நன்றாகத்தான் இருந்தது. பிளேயரின் வால்யூம்தான் சரியில்லை. ஆனால் அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

உங்கள் கேசட்டில் அப்படி ஓர் இடம் விழ வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பாட்டுக் கேசட்டை எடுத்து, பிளேயர் வால்யூமைக் குறைத்து வைத்துப் பழகத் தொடங்குங்கள்.