குளிர் தேசத்தில் முதலீடு

வாசகர், ஜமுனாமரத்தூர்: ஸ்வீடனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், அங்கேயே கம்பெனி தொடங்கலாம் என்கிறான். ஒரு கோடி பேர் மட்டுமே வாழும் குளிர் தேசத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு என்ன லாபம்?

பதில்: அந்தக் குளிரே சரக்குதான். வட ஸ்வீடனில் ஆற்று நீர் மின்சாரம் தாராளம். கணினிகளின் சூட்டைத் தணிக்க வெளிக்காற்றே போதும். அதனால்தான் ஃபேஸ்புக் தன் தரவு மையத்தை 2013-இல் லூலியோ நகரில் திறந்தது. நம்மவர்களும் போயிருக்கிறார்கள். புனேயின் பாரத் ஃபோர்ஜ் 2005-லேயே கார்ல்ஸ்கூகாவில் உலோகத்தைக் காய்ச்சி அடித்து உருவாக்கும் ஃபோர்ஜிங் தொழிற்சாலை ஒன்றை வாங்கியது. கம்பெனி வரி 20.6 சதவீதம். பங்கு நிறுவனம் தொடங்க 25,000 குரோனர் மூலதனம் போதும். இயக்குநர்களில் பாதிப் பேராவது ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்தில் வசிக்க வேண்டும். இல்லாவிட்டால் தனி அனுமதி. உங்கள் மருமகனுக்கு அந்தக் கவலை இல்லை.

சிக்கல் ஆள் விஷயத்தில். அங்கே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கிடையாது; எல்லாம் தொழிற்சங்க ஒப்பந்தம். அதில் டெஸ்லா நிறுவனம் கையெழுத்துப் போட மறுக்க, அதன் மெக்கானிக்குகள் 2023 அக்டோபரில் வேலைநிறுத்தம் தொடங்கினர். துறைமுகத் தொழிலாளர்கள் அதன் கார்களை இறக்க மறுத்தனர். தபால்காரர்கள் நம்பர் பிளேட்டுகளைக்கூடக் கொண்டுபோகவில்லை! டெஸ்லாவின் ஈலான் மஸ்க்கே திணறிய இடம் அது. பாதுகாப்பு தொடர்பான துறைகளில் வெளிநாட்டு முதலீட்டைச் சலிக்கும் சட்டமும் 2023 டிசம்பரில் வந்துவிட்டது. மருமகன் முதலில் தன் தொழிலுக்குரிய சங்க ஒப்பந்தத்தை வாங்கிப் படிக்கட்டும். கடன் விண்ணப்பம் பிறகு.