எண்ணால் உரைக்கும் வானிலை

நாகப்பட்டினத்து வானிலை நிலையத்தார் தாம் கண்டவற்றை, உலக நாடுகள் ஒப்புக்கொண்ட ஐந்திலக்கக் குறிகளாகச் சுருக்கி அனுப்புவர். எடுத்துக்காட்டாக, 10284 என்னும் குறியில் முதலில் நிற்கும் 1, வெப்பநிலை என்பதை உணர்த்தும். அடுத்த 0, அது சுழிக்குக் கீழ்ப்பட்டதன்று என்பதைக் காட்டும். எஞ்சிய 284, 28.4 பாகை செல்சியஸ் ஆகும். இரண்டாம் இலக்கத்தை 1 எனப் பிழைபட எழுதின், வெயில் காயும் நாகை உறைபனி நாடாகிவிடும்!

2018 நவம்பர் 16 அன்று, கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அத்தகைய நாள்களில் மீனவர்க்கும் வானூர்தி செலுத்துவோர்க்கும் எச்சரிக்கை விடுப்போர், இக்குறிகளையும் துணைக்கொண்டே கணிப்பர். ஆதலின், எழுதியதை மீண்டும் நோக்கியே அனுப்புதல் வேண்டும். செய்யுளில் ஓரெழுத்துப் பிறழின் பொருள் கெடும். இங்கு ஓரிலக்கம் பிறழின் உயிர்க்கே ஊறு நேரலாம்.